ரவிக்கையைத் திருப்பிப் பாருங்கள்

நம் ஊர் வியாழக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள். முதுகெலும்பைத் தடவுவார்கள். பின்னங்காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். கறி எத்தனை கிலோ தேறும் என்று மனசுக்குள் கணக்குப் போட்ட பிறகுதான் பணப்பையில் கை போகும். அதே மனிதர் மகள் கல்யாணத்துக்கு 4,000 ரூபாய் கொடுத்து எம்பிராய்டரி ரவிக்கை எடுக்கும்போது பாருங்கள். கடைக்காரர் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துக் காட்டுவார், இவர் தலையாட்டுவார், பில் போட்டாகிவிடும். உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது.

இரண்டாவது சலவையிலேயே கைப்பக்கத்துப் பூவில் ஒரு நூல் நீட்டிக்கொள்ளும். வீட்டில் யாராவது அதைப் பிடித்து இழுப்பார்கள். பாதிப் பூ கையோடு வந்துவிடும். உடனே, "இந்தக் காலத்துத் தையல் எல்லாம் இப்படித்தான், அந்தக் காலத்தில்..." என்று ஆரம்பிப்போம். நம் வயதுக்காரர்களுக்கு இந்த வாக்கியம் வாயில் தயாராக இருக்கும். இந்த விஷயத்தில் அது பொருந்தாது என்பது என் கட்சி. மிஷின் எம்பிராய்டரி பிரிவதற்குக் காரணம் காலமோ, மிஷினோ, தைத்தவளின் கையோ இல்லை. நாம் கூலி கொடுக்கும் கணக்கில் நூல் முனையைக் கட்டும் வேலைக்கு இடமே கிடையாது. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். மோட்டார் வைத்த தையல் மிஷினில் ரவிக்கைக் கைகளுக்குப் பூப்போட்டுக் கொடுப்பாள். வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து மொத்தமாகத் துணி வரும், பூவுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. போன வருஷம் தைத்துக் கொடுத்த பன்னிரண்டில் மூன்று ரவிக்கைகள் திரும்பி வந்தன. மூன்றிலும் பூ பிரிந்திருந்தது. கூலி போனதோடு விடவில்லை, மூன்று துணியின் விலையையும் அடுத்த மாதக் கணக்கில் கழித்துவிட்டார்கள்.

நான் அந்த ரவிக்கைகளை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு இதழின் முனையிலும் நூலை ஒட்ட வெட்டியிருந்தது. முடிச்சு என்று ஒன்றுகூட இல்லை.

"ஏம்மா, முனையைக் கட்டவே இல்லையே?"

"கட்டத் தெரியாமயா பெரியம்மா? ஒரு பூவுக்கு எட்டு முனை வருது. ஒவ்வொண்ணையும் உள்ள இழுத்து முடிச்சுப் போட்டா பூத் தைக்கிற நேரம் மாதிரி இன்னொரு பங்கு ஆகும். அந்த நேரத்துக்கு யாரு காசு தர்றா?"

நான் பதில் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருஷம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவள் நான். செய்கிற வேலைக்குச் சம்பளத் தலைப்பு இல்லையென்றால் அந்த வேலை நடக்காது என்பது எனக்குத் தெரியாதா என்ன.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள், அய்யலூரில் உட்கார்ந்துகொண்டு இந்தம்மா எதற்கு பிரெஞ்சு பேசுகிறாள் என்று கேட்பார்கள். நான் பிறந்து படித்தது புதுச்சேரி, அதுவும் பிரெஞ்சு மீடியம். பணி ஓய்வுக்குப் பிறகுதான் வீட்டுக்காரரின் சொந்த ஊரான இங்கே வந்தோம். எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு இலக்கணத்துக்குச் சமமாகத் தையலும் உண்டு. துணியின் முன்பக்கத்தை பிரெஞ்சில் 'லாந்த்ருவா' என்பார்கள், பின்பக்கத்தை 'லான்வேர்' என்பார்கள். எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ, மார்க் போடும்போது லான்வேர் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அது சரியாக இருந்தால்தான் துணியைத் திருப்புவார். புதுச்சேரி ரொமைன் ரோலன் வீதியில் குளூனி கன்னியர்களின் எம்பிராய்டரிக் கூடம் இருக்கிறது. பெண்கள் அங்கே கையால் பூத்தையல் போடுகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு மேஜை விரிப்பையாவது திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் எது என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும்.

தையலின் முனையில் அது நிற்பதற்காகப் போடும் சின்னத் தையலுக்கு அந்த மொழியில் 'புவான் தாரே' என்று பெயர். நிறுத்தும் தையல் என்று அர்த்தம். தமிழில் நாம் பொதுவாக முடிச்சு என்று சொல்லிவிடுகிறோம். பெயர் எதுவாக இருந்தாலும் அது இல்லாத எம்பிராய்டரி, டேக் முடிச்சுப் போடாத கோப்பு மாதிரிதான். மேஜையில் இருக்கும் வரை ஒழுங்காகத் தெரியும். தூக்கினால் காகிதம் எல்லாம் தரையில்.

ஏன் பிரிகிறது என்று புரிந்துகொள்ள அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் வந்துவிடும். தப்பான முனையை இழுத்தால் ஒன்றும் நடக்காது, விரல்தான் அறுபடும். அது சங்கிலித் தையல். ஒரே நூல், ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி. கடைசிக் கண்ணியைக் கட்டாவிட்டால் வந்த வழியே திரும்பி ஓடும். இன்றைக்குக் கல்யாண ரவிக்கைகளில் ஆரி வேலை என்று போடுகிறார்களே, அதன் அடிப்படையும் இதே சங்கிலித் தையல்தான். ஃபிரேமில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் அடியிலிருந்து நூலை மேலே எடுப்பார்கள். பார்க்க அழகு. கடைசிக் கண்ணியின் மேல் குறுக்கே ஒரு சின்னத் தையல் விழுந்து, நூல் அடியில் முடிச்சாக வேண்டும். அது விழாவிட்டால் 10,000 ரூபாய் ரவிக்கையும் அரிசி மூட்டையும் ஒன்றுதான்.

இந்தக் கொக்கி ஊசிக்கு ஒரு பயணக் கதை உண்டு. குஜராத்தில் தோல் வேலை செய்யும் மோச்சிகள் செருப்புத் தைக்கிற ஊசியைப்போன்ற ஒன்றை வைத்துப் பட்டுத் துணியில் பூப்போட்டார்கள். இந்தியாவிலிருந்து அந்த வேலை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போயிற்று. மத்தளம் மாதிரி வட்டச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டியதால் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'தம்பூர்' வேலை என்று பெயர் வைத்தார்கள். லியோன் நகரத்துப் பக்கம் பெண்கள் கொக்கி ஊசியால் பூப்போடுவதைப் பார்த்துத்தான் பார்த்தெலெமி திமோனியே என்ற ஏழைத் தையற்காரர், அதையே செய்யும் மிஷினைக் கட்டி 1830இல் உரிமை வாங்கினார். பாரிஸில் ராணுவச் சீருடை தைக்க அவருடைய மிஷின்கள் ஓடின. பிழைப்புப் போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் 1831இல் கூட்டமாகப் புகுந்து அவற்றை உடைத்துப் போட்டார்கள். மனுஷன் 1857இல் வறுமையில்தான் செத்தார். அவருடைய மிஷின் போட்டதும் சங்கிலித் தையல்தான்.

பிறகு அமெரிக்காவில் ஹோவ் என்பவர் 1846இலும், சிங்கர் 1851இலும் உரிமை வாங்கிய மிஷின்களில் இரண்டு நூல் வந்தது. மேலே ஒன்று, அடியில் பாபினிலிருந்து ஒன்று. இரண்டும் துணிக்குள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். நம் வீட்டு உஷா மிஷின் போடுவதும், இன்றைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் போடுவதும் இந்தப் பூட்டுத் தையல்தான். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவி வராது. அப்படியிருந்தும் எம்பிராய்டரி மட்டும் ஏன் பிரிகிறது?

முதல் காரணம் நூலின் வழவழப்பு. பளபளவென்று மின்னும் எம்பிராய்டரி நூல் ரேயானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும். பருத்தி நூல் போல அது துணியைக் கவ்விப் பிடிக்காது, முனையைக் கட்டாவிட்டால் மெல்ல நழுவி வெளியே வரும். ரேயானுக்கு இன்னொரு பலவீனம், நனைந்தால் அதன் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைப் போய் நாம் துவைக்கிற கல்லில் அடிக்கிறோம்.

இரண்டாவது, பூவின் இதழை நிரப்பும் தையல். நூல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே தாவலாகப் போகும். ஏழெட்டு மில்லிமீட்டருக்கு மேல் தாவினால் நடுவில் பிடிப்பு இல்லாமல் தொங்கும். வளையல், தாலிக்கொடி, பேரப்பிள்ளையின் நகம், ஏதாவது ஒன்றில் மாட்டி அறும். அறுந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் பிரியும். நல்ல டிசைனில் அகலமான இதழை இரண்டு மூன்று வரிசையாகப் பிரித்துத் தைத்திருப்பார்கள்.

மூன்றாவது முனை. என் கட்டுரையே இதைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் பெரும்பாலும் ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு நிறம் முடிந்து நூலை வெட்டி அடுத்த இடத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் மிஷின் சில நொடிகள் நிற்கும். அந்த நொடிகளுக்குக் காசு இல்லை. ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரே இடத்தில் மூன்று நான்கு பொடித் தையல் போட்டால் நூல் நின்றுவிடும், டிசைனைக் கம்ப்யூட்டரில் போடுகிறவருக்கு அது தெரியும். அவசரத்தில் அதைக் குறைப்பார்கள். நூலை வெட்டாமல் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு இழுத்துக்கொண்டே போவார்கள். அந்த இடைநூலைப் பிறகு ஒரு பெண் கத்தரியால் வெட்டுவாள். திருப்பூர்ப் பக்கம் இதற்குப் பிசிறு வெட்டுவது என்று பெயர். அவளுக்கும் உருப்படிக் கணக்குதான். வேகமாக வெட்டும்போது கத்தரி முனை முடிச்சோடு சேர்த்துக் கடித்துவிடும். துணி கடைக்கு வரும்போது பார்க்கச் சுத்தமாக இருக்கும், பிசிறே இருக்காது. உண்மையில் அடியில் அரை சென்டிமீட்டர் பிசிறு இருக்கிற ரவிக்கைதான் அதிக நாள் உழைக்கும். நாமோ பிசிறு இல்லாததைத்தான் நல்ல தையல் என்று எடுக்கிறோம்.

இப்போது திருப்பிப் பார்த்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். அடிநூல் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். நிரப்பிய இதழின் பின்பக்கத்தில், நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு வெள்ளைக் கோடும் இரண்டு ஓரத்திலும் மேல்நூலின் நிறமும் தெரிந்தால் டென்ஷன் சரி. பின்பக்கம் வெள்ளையே தெரியாவிட்டால் மேல்நூல் தளர்வாக ஓடியிருக்கிறது, கண்ணி கண்ணியாகக் கிளம்பி எதிலாவது மாட்டும். முன்பக்கம் வெள்ளை எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம், வெடுக்கென்று அறும். இதழ் முனையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், நூல் எழுந்து நின்றால் அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள். அடியில் பேப்பர் மாதிரி ஒரு மெல்லிய தாங்கு துணி வைத்துத் தைத்திருப்பார்கள். குத்துகிறது என்று அதை முழுக்கப் பிய்த்து எறியாதீர்கள். பூவைச் சுற்றிக் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். பனியன் துணி போல இழுபடும் துணியில் அது போய்விட்டால் தையலுக்குத் தாங்கலே இல்லை. குத்துவதுதான் பிரச்சினை என்றால், இஸ்திரி போட்டால் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் துண்டை வட்டமாக வெட்டி உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். அது உடம்பையும் காக்கும், முடிச்சையும் காக்கும்.

வீட்டில் உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் துவைக்க வேண்டும். கல்லில் அடிக்கக் கூடாது, பிரஷ் போடக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. இஸ்திரியும் உள்பக்கமாகத்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விரிக்கவில்லை.

நூல் முனையை ஊதுபத்தியால் சுட்டுவிடும் வழக்கம் சில தையற்காரர்களிடம் உண்டு. பாலியெஸ்டராக இருந்தால் முனை உருகிச் சின்ன மணியாக நிற்கும், நல்லதுதான். ரேயானோ பருத்தியோ என்றால் உருகாது, எரிந்து சாம்பலாகும், கூடவே துணியும் எரியும். எது எது என்று தெரியாமல் பத்தியைக் கொண்டுபோகாதீர்கள். வெட்டிப்போட்ட துண்டு நூல் ஒன்றைக் கொளுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். உடனே காயும் பசையை வைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். காய்ந்ததும் அது முள்ளாகி அக்குளில் குத்தும். அவசரத்துக்கு நிறமில்லாத நகப்பூச்சை ஊசி முனையில் தொட்டு, உள்பக்கத்து முடிச்சில் மட்டும் வைக்கலாம்.

இவ்வளவையும் சொன்னபோது என் நாத்தனார் கேட்டாள்: "ஒரு நாள் கட்டப்போற ரவிக்கைக்கு இத்தனை பாடா அண்ணி?" நியாயமான கேள்வி. ஆனால் நம் வீடுகளில் எந்தக் கல்யாண ரவிக்கை ஒரு நாளோடு நின்றது? வளைகாப்புக்கு வரும், தங்கை கல்யாணத்துக்கு வரும், இரண்டு பக்கமும் தையலைப் பிரித்துவிட்டுக் கோயில் திருவிழாவுக்கும் வரும். இன்னொரு தரப்பும் உண்டு. கூலி கூடினால் ஆர்டர் மிஷினுக்குப் போய்விடும், வீட்டில் தைக்கும் பெண்ணுக்கு இருக்கிற வேலையும் போகும் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மிஷினோடு விலையில் போட்டி போட அவளால் முடியாது. முனையைக் கட்டித் தருகிறேன் என்று அவளால் சொல்ல முடியும், அதில்தான் அவள் மிஷினை ஜெயிக்கலாம். அதற்கும் நாம் காசு கொடுக்க மாட்டோம் என்றால் அவள் எதைக் காட்டி விற்பாள்?

அரசாங்கம் தன் பங்குக்குச் செய்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஆதரவற்ற பெண்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். தையல் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி அரசாணையும் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடைக்குப் பூப்போடும் பெண்ணிடம் அந்த ஆணை வந்து சேருவதை நான் பார்த்ததில்லை. மிஷின் வந்துவிட்டது, அதில் செய்யும் வேலையின் கணக்கைத்தான் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகவே நானே ஒன்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் தெருப் பெண்ணின் பில் புத்தகத்தில் இப்போது இரண்டு வரி இருக்கிறது. பூவுக்கு இத்தனை, முனை கட்டுவதற்கு இத்தனை, ரவிக்கைக்கு 40 ரூபாய். இரண்டாவது வரி வேண்டாம் என்கிறவர்களிடம், 'முனை கட்டவில்லை, பிரிந்தால் பொறுப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். குமாஸ்தா புத்தி. அந்த வெளியூர்க் கடை இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆர்டரை நிறுத்திவிட்டது. இரண்டு மாதம் அவளுக்குக் கஷ்டம்தான், எனக்கும் தூக்கம் சரியாக வரவில்லை. பிறகு நேரடியாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வடமதுரையிலிருந்து ஒரு குடும்பம் எட்டு ரவிக்கை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கடை கொடுத்த அளவுக்கு இன்னும் வேலை வரவில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த 40 ரூபாயில்தான் பேரம் பேசுகிறார்கள்.

ஏற்கெனவே பிரிய ஆரம்பித்த ரவிக்கை பீரோவில் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் நூலை இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். ஊசியில் கோத்து உள்பக்கம் இழுத்து, பக்கத்துத் தையலின் அடியில் இரண்டு தடவை நுழைத்து முடிச்சுப் போடுங்கள். ஊசியில் கோக்க முடியாத அளவுக்கு நூல் குட்டையாக இருக்கும், அதுதான் எல்லோருக்கும் வரும் சிக்கல். அப்போது ஊசியை முதலில் குத்துங்கள். காது மட்டும் மேலே தெரியும்படி பாதியில் நிறுத்தி, குட்டை நூலைக் காதில் கோத்து, ஊசியை அடிப்பக்கமாக இழுத்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து செய்யுங்கள். பேத்தி பக்கத்தில் இருந்தால் ஊசியில் நூலை அவளே கோத்துக் கொடுப்பாள்.